தேய்ப்பதற்கு முன் திறந்து பார்

அன்பு மகளுக்கு,

உன் கீபோர்டு ஸ்விட்சுகள் சொரசொரவென்று இருப்பதாகவும், உள்ளே பற்பசையோ பாலிஷோ தடவித் தேய்த்தால் வழுவழுப்பாகிவிடும் என்று தோழி சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் எது தேய்கிறது, தேய்த்த பொடி எங்கே போகிறது என்ற இரண்டும் தெரியாமல் கை வைக்காதே. தேய்த்துக் கழித்த பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.

முதலில் ஒரே ஒரு ஸ்விட்சைப் பலகையிலிருந்து பிடுங்கித் திற. உன்னுடையது செர்ரி எம்எக்ஸ் பிளாக். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கொக்கிகள் மேல்மூடியைப் பிடித்திருக்கும். திறப்பதற்கென்றே விற்கும் சிறு கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மெல்லிய ஸ்குரூடிரைவர் போதும். உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. மேல்மூடி, அடிப்பெட்டி, நடுவில் ஏறி இறங்கும் ஸ்டெம், அதன் கீழே ஸ்பிரிங், ஓரமாகச் செருகிய உலோக இலை, அவ்வளவுதான். ஸ்டெம்மின் இரு பக்க விளிம்புகள் அடிப்பெட்டியின் பள்ளங்களில் ஓடும். முன்பக்கம் இருக்கும் இரண்டு சிறு கால்கள் இலையைத் தள்ளிப் பிடித்திருக்கும். நீ அழுத்தும்போது கால்கள் விலக, இலை போய் மறுமுனையைத் தொடும், எழுத்து விழும். மொத்த ஓட்டம் 4 மில்லிமீட்டர். எழுத்து விழுவது 2 மில்லிமீட்டரில். அதற்கு வேண்டிய விசை 60 சென்டிநியூட்டன், ஏறக்குறைய 60 கிராம் எடை. இவ்வளவு சின்ன விசைக்குள் கொஞ்சம் உரசல் புகுந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

அந்த உரசல் எங்கிருந்து வருகிறது? ஸ்டெம்மும் பெட்டியும் உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் பீய்ச்சி வார்த்தவை. அச்சின் உட்சுவர் எப்படியோ பிளாஸ்டிக்கும் அப்படியே. மின்பொறியால் அரித்துச் செய்த அச்சு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை விட்டுச் செல்லும். அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டில் மெல்லிய பிசிறும் நிற்கலாம். அச்சு பல வருடம் உழைக்க உழைக்க அதன் தரமும் இறங்கும். பழைய கம்ப்யூட்டர் டெர்மினல்களிலிருந்து பிடுங்கிய செர்ரி பிளாக்குக்கு இன்று ஆர்வலர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். அப்போது அச்சு புதிது என்று ஒரு கட்சி. வருடக்கணக்கில் யாரோ தட்டித் தட்டியே வழுவழுப்பாகிவிட்டது என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்பது என் எண்ணம். ஆனால் தூசி தின்ற பழைய ஸ்விட்ச் புதியதைவிட மோசமாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேய்ப்புப் பொருள் செய்யும் வேலை, மேடுகளின் முனையைச் சீவுவது. ஆனால் சீவச் சீவ உரசல் குறைந்துகொண்டே போகும் என்று நினைக்காதே. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற ஆய்வாளர்கள் விளக்கியபடி, இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது சில முனைகளில் மட்டும்தான். அங்கே ஏற்படும் ஒட்டலை அறுக்கும் விசையே உராய்வில் பெரும்பங்கு. பரப்பு மிகவும் வழவழப்பானால் தொடும் இடம் பெருகும், மென்மையான பிளாஸ்டிக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதனால் கண்ணாடிபோல மின்னும்வரை தேய்ப்பது வீண்வேலை மட்டுமல்ல, எதிர்வேலையும் ஆகலாம்.

மெக்கானிக் கடையில் எஞ்சின் வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் தடவிச் சீட்டில் வைத்துச் சுழற்றி உட்காரவைப்பதைப் பார்த்திருப்பாய். உன் தோழி சொல்வதும் அதே வித்தைதான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே இரண்டும் கெட்டி உலோகம். முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவினால் பேஸ்ட் போய்விடும். இங்கே ஸ்டெம் பெரும்பாலும் பிஓஎம் என்ற பிளாஸ்டிக், பெட்டி பெரும்பாலும் நைலான். மென்மையான பொருளில் தேய்ப்புத் துகள் போய்ப் பதிந்துகொள்ளும், பதிந்தபடியே எதிரில் இருப்பதை அறுக்கும். பரப்பைத் தேய்த்துச் சமமாக்கும் லேப்பிங் தட்டை வேலைப்பொருளைவிட மென்மையாகச் செய்வதே இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான். உன் ஸ்விட்சில் அது நடந்தால், நீ கழுவி மூடிய பிறகும் உள்ளே தேய்ப்பு ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் அருமையாக இருக்கும், பிறகு ஸ்டெம் ஆட்டம் காண ஆரம்பிக்கும். பெட்டியில் கண்ணாடி இழை கலந்திருந்தால் இன்னொரு தொல்லை: மேல்தோலைச் சீவியதும் இழைமுனைகள் வெளியே வந்து ஸ்டெம்மைச் சுரண்டும்.

இவ்வளவு கேட்ட பிறகும் செய்து பார்க்க ஆசை இருந்தால், உன்னுடையதுபோல நடுவில் தட்டுப்படாமல் இறங்கும் லீனியர் ஸ்விட்சில் மட்டும் செய். டாக்டைல் ஸ்விட்சில் விரலுக்குத் தட்டுப்படும் அந்த மேடு ஸ்டெம்மின் கால்களில்தான் இருக்கிறது. தேய்த்தால் அதுவே போய்விடும். நீரில் கரையும் பற்பசையை எடுத்துக்கொள். அதில் இருக்கும் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ போதுமான அளவுக்கு நைசானது. உப்புத்தாள் வேண்டாம், அது தட்டையான பரப்புக்கு. பள்ளத்துக்குள் போகாது, ஸ்டெம்மின் விளிம்பைத்தான் மழுங்கடிக்கும். அமோனியா கலந்த மெட்டல் பாலிஷை அண்டவிடாதே. மேல்மூடி பாலிகார்பனேட்டாக இருந்தால் விரிசல் விடும்.

ஸ்பிரிங்கை எடுத்துத் தனியே வை. பல் குத்தும் குச்சியின் நுனியால் ஸ்டெம்மின் பக்க விளிம்புகளில் மட்டும் பசையைத் தொட்டுவை. கால்களிலும் இலையிலும் படக் கூடாது. தொடுமுனை கெட்டால் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும், சில சமயம் எழுத்தே விழாது. ஸ்டெம்மைக் கையால் மேலும் கீழும் சில நிமிடம் ஓட்டு, அழுத்தம் வேண்டாம். அடிக்கடி துடைத்து, ஓட்டிப் பார். மாற்றம் தெரிந்ததும் நிறுத்திவிடு.

அதன் பிறகு வருவதுதான் உண்மையான வேலை. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக் கழுவு. கண்ணாடிக் கடைகளில் மூக்குக்கண்ணாடி கழுவும் அல்ட்ராசானிக் தொட்டி கிடைத்தால் இன்னும் உத்தமம். கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசி நன்றாகக் காயவிடு. நைலான் ஈரம் உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும் குணம் உள்ளது, ஈரத்தோடு பூட்டினால் ஓட்டம் இறுகும். ஸ்பிரிங் துருப்பிடிக்கலாம், அதை நனைக்காதே.

காய்ந்ததும் மசகு போட்டே ஆக வேண்டும். ஆர்வலர்கள் வழக்கமாக எடுப்பது கிரைடாக்ஸ் 205, 0 தரம். விலை அதிகம், ஆனால் ஒரு சிறு டப்பா பல கீபோர்டுகளுக்கு வரும். பிளாஸ்டிக்கை அரிக்காது, ஆவியாகாது. மெல்லிய பிரஷ்ஷால், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பூசு. தையல் மெஷின் எண்ணெய் வழிந்தோடித் தூசியைச் சேர்க்கும், தேங்காயெண்ணெய் குளிரில் உறையும். இரண்டும் வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், தேய்ப்பு கடைசி மருந்து. தூசி தட்டி, மசகு மட்டும் போட்டாலே உன் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பதை உன் தட்டச்சே சரிசெய்யும். ஸ்டெம்மும் பெட்டியும் ஒன்றையொன்று மெருகேற்றிக்கொள்ள வெளிப்பொடி எதுவும் தேவையில்லை. இந்த ஸ்விட்ச் 10 கோடி அழுத்தம் தாங்கும் என்கிறது செர்ரி நிறுவனம், அதனால் பொறுமையாகவே தட்டு.

ஆகவே மூன்று ஸ்விட்சுகளை எடு. ஒன்றை அப்படியே விடு, ஒன்றுக்கு மசகு மட்டும், ஒன்றுக்குத் தேய்ப்பும் மசகும். எது எதுவென்று உன் தோழிக்குச் சொல்லாமல், கண்ணை மூடி அழுத்தச் சொல். அவளால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் மட்டும் மற்றவற்றில் கை வை. முடிவு என்ன ஆனாலும் எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா