பிள்ளை மீண்டும் பாடசாலைக்குப் போகும்போது



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் வலப்பனை, கொத்மலை உட்பட மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல பாடசாலைகளில் தங்கின. இப்போது நீங்கள் வீடு திரும்புகிறீர்கள். பிள்ளையும் பாடசாலைக்குத் திரும்புகிறது.

தரம் 9, 10, 11இல் படிக்கும் பிள்ளைகளிடம் சில மாற்றங்களைக் காணலாம். புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். மழை வலுத்தால் தூங்க மாட்டார்கள். சின்ன விடயத்துக்கும் கோபப்படுவார்கள். இதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பயமும் கவலையும் இந்த வயதில் இப்படியும் வெளிப்படும்.

வீட்டில்

"பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்குதே, உனக்கு மட்டும் என்ன?" அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் மனம் இன்னும் சோர்ந்துபோகும். "இன்றைக்கு எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். மலையிலிருந்து களைத்து வந்தாலும், தேத்தண்ணீர் குடிக்கும் பத்து நிமிடம் போதும். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நாளையும் கேளுங்கள்.

பாடசாலையில்

வகுப்பாசிரியரை ஒருமுறை சந்தியுங்கள். அரைநாள் வேலையை விட்டுப் போவது எளிதல்ல, ஆனாலும் பயனுள்ளது. நிலைமை தெரியாத ஆசிரியர், "ஏன் கொப்பி இல்லை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாம். தெரிந்தவர் தனியே அழைத்து, விடுபட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். பாடநூல்கள் அரசு இலவசமாக வழங்குபவை. மழையில் போயிருந்தால் அதிபரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

"படிப்பு போதும், கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால்

திட்டவும் வேண்டாம், உடனே சம்மதிக்கவும் வேண்டாம். குடும்பக் கஷ்டத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்ட பிள்ளை அப்படிப் பேசும். "வீட்டுக் கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதையும் எடுத்துச் சொல்லி, ஆசிரியருடன் சேர்ந்து பேசுங்கள்.

உடன் உதவி தேவைப்படும் நேரம்

"நான் இல்லாமல் போனால் நல்லது" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. கடந்த வாரம் பிள்ளையிடம் பரீட்சையைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினோம்?
2. நாங்கள் எங்கே தங்கியிருந்தோம், என்ன இழந்தோம் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியுமா?