இராச்செபமும் பிள்ளைகளும்

கோவில் மணியடித்து ஞாயிறு வகுப்பு கூடும்போதுதான் ஞானோபதேசம் ஆரம்பமாகிறது என்று நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறோம். மந்திரங்களைப் பிள்ளைகள் அங்கே படித்துக்கொள்வார்கள், மெய்தான். ஆனால் அவற்றை எந்த முகத்தோடு சொல்லவேண்டும் என்பதை வீட்டிலே பார்த்துத்தான் படிக்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-ம் ஆண்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. சொல்லாலும் நடத்தையாலும் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதன்முதல் அறிவிக்கவேண்டியவர்கள் தாய் தகப்பனே என்றும் படிப்பித்தது.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். பிரான்சு தேசத்து அலான்சோன் நகரில் லூயி மார்த்தேன் என்பவர் கடிகாரக் கடை வைத்திருந்தார். அவர் மனைவி செலியம்மாள் லேஸ் பின்னல் வியாபாரம் நடத்தினாள். 1858-ல் விவாகமான இவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள். நால்வர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். கடைக்குட்டிதான் குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி இந்தத் தாய் தகப்பன் இருவரையும் ஒருங்கே அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தார்.

வசதியுள்ள குடும்பம்தான், ஆனால் ஓய்வுள்ள குடும்பமல்ல. செலியம்மாள் பகலில் வேலையாட்களோடும் பிள்ளைகளோடும் போராடி, இரவு நெடுநேரம் பின்னலில் உட்காருவாள். ஆனாலும் விடியற்காலைப் பூசைக்குத் தம்பதிகள் தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்தால் நல்ல வியாபாரம் என்று பிறர் எடுத்துச் சொல்லியும் லூயி திறக்கவில்லை. இதைப்பற்றி அவர் பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்யவேண்டிய அவசியமே இல்லை. பூட்டிய கதவை அவர்கள் பார்த்தார்கள்.

தெரேசம்மாள் தன் சரித்திரத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இராச்செபத்தில் அவளுக்கு இடம் தகப்பனார் பக்கத்தில். அர்ச்சியசிஷ்டர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்று அறிய அவர் முகத்தைப் பார்த்தாலே போதுமாயிருந்ததாம்!

நம் வீடுகளில் எப்படி? தாய் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறாள். தகப்பன் கைப்பேசியோடு வெளியே உட்கார்ந்து, "சத்தமாய்ச் சொல்லுங்கள்" என்று அதட்டுகிறார். செபம் சிறுவருக்கும் பெண்களுக்கும் உரிய வேலை, வளர்ந்தால் விட்டுவிடலாம் என்றுதானே அந்தப் பையன் படித்துக்கொள்வான்? ஐம்பத்துமூன்று மணியும் சொல்ல நேரமில்லையானால் பத்து மணி சொல்லுங்கள். ஆனால் தகப்பனும் முழந்தாளிடட்டும். (தூங்கி விழும் குழந்தையை அடித்து எழுப்பவேண்டாம். சிலுவை வரைந்து படுக்கவைத்தால் போதும்.)

"நாங்கள் எல்லாம் செய்தோம், ஒரு பிள்ளை மாத்திரம் வழிக்கு வரவில்லையே" என்று கண்ணீர் விடும் பெற்றோரும் உண்டு. அவர்கள் மார்த்தேன் வீட்டு மூன்றாம் மகள் லெயோனியை அறியவேண்டும். நோயாளிக் குழந்தை, பிடிவாதக்காரி. பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டவள். வீட்டு வேலைக்காரி அவளை இரகசியமாய் மிரட்டி அடக்கிவந்தது 1877-ல்தான் தாய்க்குத் தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செலியம்மாள் மார்புப் புற்றுநோயால் மரித்தாள். இந்த மகளைப்பற்றிய கவலை கடைசிவரை அவளை விடவில்லை. பின்பு லெயோனி மடத்தில் சேர மூன்று முறை முயன்று மூன்று முறையும் திரும்பி வந்தாள். தகப்பனாரும் 1894-ல் காலமானார். 1899-ல், தன் முப்பத்தைந்தாம் வயதில், கான் நகரத்து மடத்தில் மறுபடியும் போய்ச் சேர்ந்தாள். 1941-ல் சாகும்வரை அங்கேயே இருந்தாள்.