வீட்டை ஒதுங்க வைக்க அலுப்பா?

கேள்வி: வீட்டை ஒதுங்க வைப்பது என்றாலே அலுப்பாக இருக்கிறது. ஆர்வம் வர என்ன வழி?
– வாசகி, கோத்தா திங்கி

பதில்: முழு வீட்டையும் ஒரே நாளில் புரட்டிப் போடாதீர்கள், அலுப்பு அங்கேதான் பிறக்கிறது. மின்னல் எஃப்எம்மைப் போட்டுவிட்டு ஒரே ஒரு இழுப்பறையைத் திறங்கள். நாலு பாட்டுக்குள் முடிந்தவரை போதும். பழைய படப் பெட்டியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கதை கேட்பார்கள், வேலை நகராது. நகராவிட்டால் என்ன!

உங்கள் ஊரில் வீட்டை ஒதுங்க வைக்கத் தனிக் காரணமும் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வெள்ளம் புகுந்த ஊர் அது. ஆகவே தீபாவளிக்கு ஒதுங்க வைக்கும்போதே, வடகிழக்குப் பருவமழைக்கு முன், பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், கல்யாணப் படங்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். எந்தத் தட்டு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.