கச்சான் வீசும் மாதங்களில் பண்டாரவளை: தேயிலைக்கும் சாப்பாட்டுக்குமாக ஒரு பயணம்

பண்டாரவளைக்குப் போவதென்றால் ஜூலை நடுப்பகுதிக்கும் செப்டெம்பர் இறுதிக்கும் இடையில் போங்கள். மற்ற மாதங்களிலும் மலை அழகாகத்தான் இருக்கும், ரயில் வளைந்து வளைந்து ஏறத்தான் செய்யும். ஆனால் இந்த ஊரின் பெயரை லண்டன் வரைக்கும் கொண்டுபோன தேயிலை, வருடத்தில் அந்தச் சில வாரங்களில்தான் விளைகிறது.

விளைச்சலைத் தேடிப் போகும் பயணத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இத்தாலியில் 1985இல் ஒரு சட்டம் வந்தது. விவசாயி தன் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, தன் நிலத்தில் விளைந்ததைச் சமைத்துப் போட்டு, தன் திராட்சை மதுவைப் பரிமாறி வருமானம் பார்க்க வழிசெய்த சட்டம். அக்ரிடூரிஸ்மோ என்ற பெயரில் அது வளர்ந்து, இன்று டஸ்கனியின் திராட்சை அறுவடையைக் காண உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள். பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் அப்படிப்பட்ட ஏற்பாடு இன்னும் முழுதாக உருவாகவில்லை. நிலம் இருக்கிறது, பருவம் இருக்கிறது, சொந்தச் சமையல் இருக்கிறது. அவற்றைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் வேலை மட்டும் உங்களுடையது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது ஈரமெல்லாம் போய் வறண்டுவிடுகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். பகலில் உதடு வெடிக்கும் காற்று, இரவில் குளிர். தேயிலைச் செடி தண்ணீருக்குத் தவிக்கும், கொழுந்து மெதுவாக வரும், கூடை நிறைய நேரமாகும். அப்படிச் சிரமப்பட்டு வந்த கொழுந்தில்தான் மணம் கூடுகிறது. மெதைல் சாலிசிலேட் என்ற பொருள் அதில் முக்கியமானது. வலி தைலங்களில் குளிர்ச்சியான வாசம் தருவதும் அதுவே. டார்ஜிலிங், சீனாவின் கீமன் ஆகியவற்றோடு சேர்த்து, மணத்துக்குப் பேர்போன மூன்று தேயிலைகளில் ஒன்றாக ஊவாவைத் தேயிலை வியாபாரிகள் சொல்வதற்குக் காரணம் இந்தக் காற்று. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இன்றும் சீசன் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு.

தொழிற்சாலை பார்க்க இரண்டு இடங்கள் சொல்வேன். எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இருக்கும் ஹல்பேவத்த, பார்வையாளருக்கென்றே வழிகாட்டி வைத்துச் சுற்றிக்காட்டி, முடிவில் சுவைக்கவும் தருகிறது. ஹப்புத்தளையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் இருக்கும் தம்பேத்தன்னை, 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கே பழைய கட்டடத்தின் கம்பீரம் இருக்கிறது. எங்கே போனாலும் காலையில் போங்கள். முதல்நாள் பறித்த கொழுந்து இரவு முழுவதும் மேல்மாடித் தட்டுகளில் வாடிக்கிடக்கும். உருட்டும் இயந்திரங்கள் அதிகாலையில்தான் ஓடத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மலையில் பறிப்பு இல்லை என்பதால் திங்களன்று ஆலை ஓய்ந்திருக்கக்கூடும். நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, நொதித்து, காய்ந்துதான் ஒரு கிலோ தேயிலையாகிறது. சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பி.ஓ.பி. எது, டஸ்ட் எது என்று அங்கே வேலை செய்யும் அக்காமாரைக் கேட்டால் கையில் அள்ளிக் காட்டுவார்கள்.

சுவைக்க உட்காரும்போது முதல் சுற்றிலாவது பாலும் சீனியும் வேண்டாம். கொதித்த நீரில் ஐந்தாறு நிமிடம் ஊறிய சாயத்தை முதலில் முகருங்கள், பிறகு வடித்தெடுத்த ஈர இலையை முகருங்கள். குடிக்கும்போது சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். முதலில் நாக்கைப் பிடிக்கும் ஒரு துவர்ப்பு, அதன் பின்னாலேயே ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி தெரிந்தால் நல்ல வாரத்தில் வந்திருக்கிறீர்கள். சீசனுக்கு முன் செய்த தேயிலை அங்கே இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். எந்த விளக்கமும் தேவைப்படாது. கடைசியாகக் கொஞ்சம் பால் சேர்க்கலாம். ஊவாச் சாயம் பாலுக்கு அடங்கிப்போகாது.

வாங்கும்போது ‘ஊவா சீசன் பி.ஓ.பி.’ என்று கேட்டு, பொதி செய்த மாதத்தைப் பாருங்கள். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று பொருள்.

இவ்வளவு நல்ல தேயிலை, அதைப் பறிக்கிற வீடுகளில் அனேகமாக இருப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களில் ஊற்றுவது டஸ்ட் தேயிலைச் சாயத்தண்ணிதான். நல்லது ஏலத்துக்கும் கப்பலுக்கும் போகிறது. சுவைக்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இனிச் சாப்பாடு. மலையகத்துச் சமையலை அறிய ஹோட்டல் பஃபே போதாது. ரொட்டியில் தொடங்குங்கள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, இரும்புத் தட்டில் சுட்ட தடித்த ரொட்டி. சில வீடுகளில் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ப்பார்கள். தொட்டுக்கொள்ளக் கட்டாச் சம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, அம்மியில் அரைத்துத் தேசிக்காய் பிழிந்தது. ஒருகாலத்தில் தோட்டக் கணக்கில் அரிசியோடு கோதுமை மாவும் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடவேண்டிய அம்மாவுக்கு, சுட்டுச் சுருட்டி மலைக்குக் கொண்டுபோய், கொழுந்து நிறுத்த பிறகு ஒரு போத்தல் சாயத்தண்ணியோடு சாப்பிட இதைவிட ஏற்ற உணவு இல்லை. 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், இந்தக் குளிரிலும் இந்த வேலை நேரத்திலும் தாங்களே உருவாக்கிக்கொண்ட சமையல் இது. பண்டாரவளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சிறிய சாப்பாட்டுக் கடைகளில் காலையில் சூடாகக் கிடைக்கும். மதியம் சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், கருவாட்டுக் குழம்பு, வல்லாரைச் சம்பல். வீட்டில் தங்கவைக்கும் குடும்பங்களிடம் முதல்நாளே சொன்னால் இதையெல்லாம் விறகடுப்பில் சமைத்துத் தருவார்கள்.

பண்டாரவளையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைத் தவறவிடாதீர்கள். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா, பேரிக்காய், ஆனைக்கொய்யா, கொடித்தோடை, மரத்தக்காளி எல்லாம் மண் காயாமல் வந்திறங்கும். ஊவாவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வரும் பிபிலைத் தோடம்பழம் தோல் பச்சையாக இருக்கிறதென்று விட்டுவிடவேண்டாம். உள்ளே நல்ல இனிப்பு. எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கண்டால் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். வாரச் சம்பலுக்குச் செத்தல் வாங்க வரும் தோட்டத்துக் குடும்பங்களையும் சிங்களக் கிராமத்து விவசாயிகளையும் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பக்கத்தில் ஹப்புத்தளையில் பார்க்க அடிசம் பங்களா உண்டு: தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் கொய்யா ஜெலியும் ஜாமும் வாங்கத் தகுந்தவை. சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறை நாட்களில் மட்டுமே திறந்திருக்கும். தம்பேத்தன்னைக்கு மேலே இருக்கும் லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனைக்குப் போவதானால் விடியற்காலையில் போங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல் மேகம் மூடிவிடும். எல்லவின் ஒன்பது வளைவு ரயில் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

தங்குவதற்கு ஊருக்குள் 1893இலிருந்து நடக்கும் பண்டாரவளை ஹோட்டல், தோட்டத்துத் துரைமார் இருந்த பங்களாக்கள், குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் என மூன்று வகை உண்டு. என் தேர்வு மூன்றாவது வகை. கொடுக்கிற பணம் அந்த வீட்டிலேயே தங்கும், சாப்பாடும் நன்றாக இருக்கும். ஊர் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் ஓகஸ்டிலும் இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்குமுன் “எடுக்கலாமா அக்கா?” என்று கேளுங்கள். அவர்களுக்கு எடைக் கணக்கு உண்டு. நீங்கள் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூடையில் குறையும். லயம் என்பது வீடு. அழைத்தால் உள்ளே போங்கள், அழைக்காமல் வாசலில் எட்டிப் பார்க்காதீர்கள். அழைத்துவிட்டால் தரும் தேத்தண்ணியை மறுக்காதீர்கள்.

மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் செங்கலடி, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். கொழும்பிலிருந்து ரயில்தான் சிறந்தது. ஒக்டோபருக்குப் பிறகு இந்தச் சரிவுகளில் மழையும் மண்சரிவும் உண்டு. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களையே மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கி, மலைநாட்டு ரயில் பாதையையும் உடைத்தது. ஆகவே புறப்படுமுன் எந்த நிலையம்வரை ரயில் ஓடுகிறது என்று ரயில்வேத் திணைக்களத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆசனப் பதிவு பயணத்துக்கு முப்பது நாள் முன்பு திறக்கும், சீக்கிரமே முடிந்துவிடும். ஓகஸ்டுக்குப் போக நினைப்பவர்கள் ஜூலையிலேயே பதிவு செய்துவிடுங்கள்.