நிலம் முழுகியது, பட்டா முழுகவில்லை!

ஏரின்னா நமக்கு மழையும் மதகும்தான் ஞாபகம் வரும். ஆனால் பூகம்பத்தில் பிறந்த ஏரி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள ரீல்ஃபுட் ஏரிதான் அது.

1811 டிசம்பர் முதல் 1812 பிப்ரவரி வரை அந்தப் பக்கம் அடுத்தடுத்துப் பெரிய பூகம்பங்கள். காடு நின்ற நிலம் அப்படியே கீழே இறங்க, தண்ணீர் வந்து நிரம்பிவிட்டது. மிசிசிப்பி ஆறு கொஞ்ச நேரம் பின்பக்கமாக ஓடியதாக அன்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இந்த ஏரி யாருக்குச் சொந்தம்? கரையோரக் குடும்பங்கள் தலைமுறையாக அதில் மீன் பிடித்துப் பிழைத்தன. ஆனால் காடாக இருந்தபோதே அந்த நிலத்துக்குப் பட்டா இருந்ததே! அந்தப் பழைய பத்திரங்களை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டு, "ஏரி எங்களுடையது, மீனும் எங்களுடையது" என்றது. வழக்குப் போட்டும் மீனவர்களுக்குப் பலன் இல்லை.

1908-ல் முகமூடி போட்ட கூட்டம் ஒன்று ராத்திரியில் குதிரையில் கிளம்பியது. ஊரார் வைத்த பெயர் 'இரவுக் குதிரைக்காரர்கள்'. மீன் துறையைக் கொளுத்தினார்கள். அக்டோபர் 19 இரவு, விடுதியில் தங்கியிருந்த கம்பெனி வக்கீல்கள் இருவரை இழுத்துப் போனார்கள். குவென்டின் ராங்கினைத் தூக்கிலிட்டுச் சுட்டார்கள். வயதான டெய்லர் இருட்டில் தண்ணீருக்குள் குதித்தார். செத்தார்னு எல்லாரும் நினைத்திருக்க, பிறகு உயிரோடு வந்து சேர்ந்தார்!

கவர்னர் படையை அனுப்பினார். எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, அதில் ஆறு பேருக்குத் தூக்கு. 1909-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1914-ல் ஏரி அரசுக்கு வந்தது.

இவர்களை ஏழைகளின் வீரர்கள் என்று சொல்பவர்களும் உண்டு. மீனவர் கோபம் நியாயம்தான். ஆனா அவங்க சாட்டையால் அடித்தவர்களில் சொந்த ஊர்க்காரங்களும் இருந்தாங்களே!

இன்று அங்கே சுற்றுலாப் படகுகள் போகின்றன. ஏரியின் பெரும்பகுதியில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. அடியில் முழுகிய காட்டின் அடிக்கட்டைகள் இன்னும் நிற்கின்றன. துடுப்புப் படகில் முதுகு காட்டித்தானே போவார்கள்? கட்டையில் மோதினால் என்ன ஆவது! அதனால் அவ்வூர்த் தச்சர்கள் துடுப்பின் நடுவே கீல் வைத்து, முன்னே பார்த்தபடியே வலிக்கும் தட்டையான படகு செய்தார்கள். அதன் பெயர் 'ஸ்டம்ப் ஜம்பர்', அதாவது கட்டை தாண்டி. ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்களுக்கு சைப்ரஸ் மரங்களின் மேல் வெண்தலைக் கழுகுகளும் கண்ணில் படும்.