அறுபது நாழிகையில் ஒன்று

நாளொன்றுக்கு நாழிகை அறுபது. நாழிகையொன்றுக்கு நிமிஷம் 24. அறுபதினுள் நித்திரைக்கு இருபது போக, எஞ்சிய நாற்பதையும் ஆசிரியராகிய நாம் எவ்வாறு செலவிடுகின்றோம் என்பதைச் சிறிது ஆராய்வாம்.

வைகறையில் எழுந்து, வீட்டுக் கருமங்களை முடித்து, பாடக்குறிப்பெழுதிக்கொண்டு பாடசாலைக்கு விரைகின்றோம். அங்கே கற்பித்தலோடு இடாப்புக் குறித்தல், அறிக்கை நிரப்புதல், விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்தல் முதலியனவும் நம் தலைமேல் விழுகின்றன. மாலையிலே தனிவகுப்பு, இரவிலே விடைத்தாள் திருத்தம், அதன்மேலும் கைத்தொலைபேசி வாயிலாக வருஞ் செய்திகள் படுக்கைவரையும் தொடர்கின்றன. பெண்பாலாராகிய ஆசிரியர் நிலைமையோ இதனினும் கடினமானது. பாடசாலை விட்டபின் அடுக்களை அவர்களை எதிர்நோக்கி நிற்கின்றது. இந்நாற்பது நாழிகையுள் ஒன்றையேனும் தம் மனத்தின் பொருட்டு வைத்திருப்பவர் எத்துணையர்?

“பிறர்க்குழைத்தலே ஆசிரியர் கடனாயிருக்க, தமக்கெனக் காலம் ஒதுக்குதல் தன்னலமாகாதோ?” எனச் சிலர் வினவுவர். யாமும் பல்லாண்டு அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

பரீட்சைக் காலம் அது. இரண்டு வகுப்பாரின் கட்டுரைக் கொப்பிகள் எம் மேசைமேற் குவிந்து கிடந்தன. மாணவன் ஒருவன் கட்டுரை எழுதித் தந்திலன் எனக் கருதி, வகுப்பார் முன்னிலையில் அவனைக் கடுஞ்சொற்களால் வைதோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், யாம் சொல்லவிடவில்லை. அன்றிரவு குவியலின் அடியில் அவன் கொப்பியைக் கண்டோம். நான்கு பக்கம், திருத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தான். மறுநாள் அதே வகுப்பின் முன் நின்று, பொறுக்கும்படி அவனைக் கேட்டோம். அவனும் தலையசைத்தான். ஆயினும், முன்னெல்லாம் ஐயம் வினவுதற்கு முதலில் எழும் அம்மாணவன், அவ்வாண்டு முடியும்வரை எம்மிடத்து வினாவொன்றும் வினவினானல்லன். அவன்மேல் எமக்கு வெறுப்பிருந்ததில்லை. பலநாள் ஓய்வின்றிச் சலித்த மனம் பிறர் சொற் கேட்கும் பொறுமையை இழந்திருந்தது. அவ்விழப்பின் பயனை அனுபவித்தவன் அப்பிள்ளை.

இத்தகைய சலிப்பை இக்காலத்து அறிஞர் நன்கு ஆராய்ந்துளர். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில், தொழில்பற்றி நிகழும் இந்நிலையை நோயென்னாது, நீடித்த தொழிற்சுமை தக்கவாறு தணிக்கப்படாமையால் விளைவதென வரையறுத்தது. அதற்குக் கூறப்பட்ட கூறுகள் மூன்று. முதலாவது, ஆற்றல் முற்றும் வற்றிய அயர்ச்சி. இரண்டாவது, தொழிலிலிருந்து மனம் விலகிப்போதலும் அதனை வெறுத்து நோக்குதலும். மூன்றாவது, செய்தொழிலில் திறமை குன்றுதல். காலையிலே பாடசாலை வாயிலைக் காணும்போதே உள்ளஞ் சோர்தல், பிள்ளைகளின் சிரிப்பொலி இரைச்சலாகத் தோன்றுதல், சென்ற ஆண்டுக் குறிப்பையே மீண்டும் வாசித்துப் பாடத்தை ஒப்பேற்றுதல் ஆகிய இவற்றை நம்மிடத்துக் காண்போமாயின், அம்மூன்றும் நம்மை அணுகிவிட்டன என அறிதல் வேண்டும்.

இனி, நாளுக்கொரு நாழிகை ஒதுக்குமாறு கூறுவாம். அதற்கு இன்றியமையாதன மூன்று.

ஒன்று, காலம் வரையறுத்தல். வேலையெல்லாம் முடிந்தபின் ஓய்வோமென்பார்க்கு வேலை ஒருநாளும் முடிவதில்லை. 1927 இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்துசென்ற காந்தியடிகள், ஒரு பெருநாட்டின் பாரத்தைத் தாங்கிய காலத்தும் திங்கட்கிழமைதோறும் மௌனம் பூண்டிருந்தார். சொல்லவேண்டியதைக் கடிதத் துண்டில் எழுதிக் காட்டினார். வாரத்தில் ஒருநாளை அவர் காத்தாராயின், நாளில் ஒரு நாழிகையை நாம் காத்தல் அரிதாகாது.

இரண்டு, இடையூறு விலக்கல். விடைத்தாளும் தொலைபேசியும் அருகிருப்பின் அது தனித்திருத்தலாகாது. காலையும் மாலையும் அனுட்டானஞ் செய்வோர்க்கு இப்பொழுது முன்னரே வாய்த்துளதே எனின், உண்மை. ஆயினும், நா திருமுறை ஓத மனம் இடாப்பை எண்ணிக்கொண்டிருத்தலை யாம் எம்மிடத்தே பலகாற் கண்டிருக்கின்றோம்.

மூன்று, அப்பொழுதை உள்ளத்துக்கு உணவாவது ஒன்றால் நிரப்பல். உயிரியல் அறிஞர் சாள்ஸ் டார்வின் இதற்குத் தக்க சான்றாவர். அவர் இங்கிலாந்திலே தம் வீட்டையடுத்து அமைத்த மணற்பாதையில் நாடோறும் உலாவினார். தொழிலுக்கும் ஓய்வுக்கும் வேளை வகுத்து வாழ்ந்தார். அத்தகையவரும் 1876 இல் தம் வரலாற்றை எழுதுங்கால், இளமையிற் கவிதையிலே தமக்கிருந்த இன்பம் முற்றும் அற்றுப்போயிற்றென வருந்தினார். மீண்டும் வாழக் கிடைப்பின், வாரத்துக்கு ஒருமுறையேனும் கவிதை வாசித்தலையும் இசை கேட்டலையும் விதியாகக் கொள்வேன் என்னுங் கருத்தினைப் புலப்படுத்தினார். உடம்பு உலாவுதலோடு உள்ளமுந் தனக்குரிய உணவைப் பெறல் வேண்டுமென்பது இதனாற் பெறப்படும். ஒருவர்க்கு அது பண்ணோடு பாடுதலாகலாம். மற்றொருவர்க்குத் தோட்டத்திற் செடிகளுக்கு நீர் வார்த்தலாகலாம். வேறொருவர்க்கு வாளா திண்ணையில் அமர்ந்திருத்தலே போதியதாகலாம்.

ஒருவர் தாமே முயன்று இந்நாழிகையைப் பெறுதல் எப்போதும் இயலாது. மனைவி ஆசிரியராயிருப்பின், அவ்வேளை அடுக்களையைக் கணவனும் மக்களும் ஏற்றல் வேண்டும். அதிபர், இரவிற் செய்தியனுப்புதலைக் காலைக்கு ஒத்திவைத்தல் வேண்டும். இன்னும், உறக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீங்காதிருப்பின், அதற்கு ஒரு நாழிகை போதாது. காய்ச்சலுக்கு வைத்தியரை நாடுமாறுபோலக் கூச்சமின்றி உளநல வைத்தியரை நாடுதலே அறிவுடைமை.

ஆசிரிய நண்பர் இக்கட்டுரையை வாசித்து முடித்தபின், பின்வரும் வினாக்களுக்குத் தமக்குள் விடை கூறிப் பார்ப்பாராக:

1. நேற்றைய அறுபது நாழிகையுள் என் மனத்துக்கென நின்றது எத்துணை?

2. நான் முன்பு விரும்பிச் செய்து, இப்போது கைவிட்டது யாது?

3. இக்கிழமையில் எம்மாணவன் சொல்ல வாயெடுத்ததை நான் கேளாது விட்டேன்?

மூன்றாம் வினாவுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வருமாயின், நாளைக் காலையிலேயே அம்மாணவனை அழைத்துக் கேட்டுவிடுக. ஒரு நாழிகையைத் தமக்கென வைத்துக்கொண்ட ஆசிரியர்க்கு அதற்கு வேண்டிய பொறுமை உண்டாகும்.