வெள்ளைத் தோல் மட்டும் உரிகிறதா? ஈரலைக் கவனியுங்கள்!

கறுப்பும் வெள்ளையும் கலந்த கலப்பின மாடுகள் சிலவற்றில் வெள்ளைப் பகுதி மட்டும் சிவந்து வீங்கி, பிறகு விறைத்துக் காய்ந்து உரியும். ஒட்டினாற்போல் உள்ள கறுப்புத் தோலில் ஒரு பழுதும் இராது. இதைச் சொறி என்று எண்ணி வேப்பெண்ணெய் மட்டும் பூசிக்கொண்டிருந்தால் மாட்டையே இழக்க நேரும். நோயின் வேர் தோலில் இல்லை, ஈரலில் இருக்கிறது.

காரணம்

வேலியோரத்திலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் உண்ணிச் செடியைத் தின்பது இதற்கு முக்கிய காரணம். இதன் இலையில் லாண்டடீன் என்னும் நஞ்சு உண்டு. வேறு தீவனம் இருக்கும்போது மாடுகள் இதை நாடுவதில்லை. வறட்சிக் காலத்திலும், இச்செடியை அறியாத புது மாடுகளை மேய விடும்போதும் தின்றுவிடுகின்றன.

நஞ்சு ஈரலைக் கெடுத்துப் பித்தநீர் ஓட்டத்தைத் தடுக்கிறது. பசுந்தீவனம் செரிக்கும்போது அதன் பச்சையத்திலிருந்து ஒரு நிறப்பொருள் உண்டாகும். வழக்கமாக அது பித்தநீர் வழியே வெளியேறிவிடும். வழி அடைபட்டால் இரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்து சேரும். அங்கே வெயில் பட்டதும் தோல் வெந்து போகும். கறுப்பு நிறம் ஒளியைத் தடுப்பதால் அப்பகுதி தப்புகிறது.

அறிகுறிகள்

மாடு தீவனம் எடுக்காது, அசைபோடாது. சாணம் இறுகும். சிறுநீர் நிறம் அடர்ந்து வரும். கண் இமையை விலக்கிப் பார்த்தால் மஞ்சளாக இருக்கும். மூக்கு, காது, மடி ஆகிய இடங்களில் புண் தோன்றும். முழுக் கறுப்பு மாட்டில் தோல் குறி தெரியாமலே போகலாம். ஆகவே கண்ணையும் சிறுநீரையும் பார்ப்பது அவசியம்.

செய்ய வேண்டியவை

1. உடனே நிழலில் கட்டவும். பகலில் வெளியே விடக்கூடாது.

2. பசும்புல்லை நிறுத்தி வைக்கோலும் தண்ணீரும் வைக்கவும்.

3. அன்றே கால்நடை மருத்துவரை அழைக்கவும். தின்ற இலை வயிற்றிலேயே தங்கி நஞ்சைக் கக்கிக்கொண்டிருக்கும். அதை உறிஞ்ச மருத்துவக் கரித்தூள் தேவை. அளவு, உடல் எடை கிலோவுக்கு 5 கிராம். 200 கிலோ மாட்டுக்கு 1 கிலோ. அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது.

4. சோர்ந்த மாட்டின் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

5. புண்ணில் ஈ மொய்க்காமல் மருந்திடவும்.

தடுப்பு

உண்ணிச் செடியை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியதும் வேரோடு பிடுங்கவும். காய்ந்த தழையிலும் நஞ்சு இருக்கும். மாடு எட்டும் இடத்தில் போடக்கூடாது.